தினம் மூன்று சீஸ்பர்கர் தின்கிற நோயாளி: வாசகர் கேள்வி பதில்

போன வாரம் ஒருவர், 'தலைக்குமேல் வளர்ந்த பிள்ளைகள், கிறுக்குப் பிடித்த அப்பா அம்மா, சிரிக்கவும் வேண்டும், கொஞ்சம் அழவும் வேண்டும், அப்படி ஒரு படம் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார். 'தி ராயல் டெனன்பாம்ஸ்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பார்த்துவிட்டுத் திட்டி எழுதியவர்கள் பாதிப் பேர், மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதியவர்கள் மீதிப் பேர். ஆகவே இந்த வாரம் முழுக்க அந்தப் படம்தான். அரசியல், கிரிக்கெட் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கிளைமாக்ஸ் வரைக்கும் பேசப்போகிறேன், அதனால் இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

கே: நான் படம் பார்க்கவில்லை, பார்க்கிற பொறுமையும் இல்லை. கதையைச் சொல்லிவிடுங்கள். (வாசகர், அறந்தாங்கி)

ப: நியூயார்க்கில் பெரிய பழைய வீடு. அப்பா ராயல் டெனன்பாம், தொழில் உரிமம் பறிபோய் ஜெயிலுக்கும் போய் வந்த வக்கீல். அம்மா எத்தலீன், தொல்லியல் ஆய்வாளர். பிள்ளைகள் மூன்று, மூன்றுமே சின்ன வயதில் மேதைகள். சாஸ் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மனை, வீடு வாங்கி விற்றுக் காசு பார்த்தவன். தத்தெடுத்த பெண் மார்கோ, ஒன்பதாம் வகுப்பிலேயே நாடகம் எழுதி 50,000 டாலர் நிதி வாங்கியவள். ரிச்சி டென்னிஸ் சாம்பியன். அப்பா குடும்பத்தை விட்டுப் போய் 22 வருஷமாக ஒரு ஹோட்டல் அறையில் காலம் தள்ளுகிறார், கடைசி மூன்று வருஷமாக வீட்டில் ஒருவரும் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

பில் கட்டாததால் ஹோட்டல்காரர்கள் வெளியே தள்ளுகிறார்கள். அதே சமயம் மனைவிக்கு (விவாகரத்து இன்னும் ஆகவில்லை) அவருடைய கணக்காளர் ஹென்றி கல்யாணம் பேசியிருக்கிறார் என்ற செய்தியும் காதில் விழுகிறது. உடனே ராயல் ஒரு புளுகை அவிழ்த்துவிடுகிறார்: எனக்கு வயிற்றுப் புற்றுநோய், இன்னும் ஆறு வாரம்தான். பிள்ளைகள் மூவரும், ஆளுக்கொரு தோல்வியைச் சுமந்துகொண்டு, அதே சமயத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து சின்ன வயசு அறைகளில் படுத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேரும் பல வருஷம் கழித்து ஒரே கூரைக்குக் கீழே. இதற்கு மேல் சொன்னால் உங்கள் பொறுமை போய்விடும்.

கே: எந்த நாவலைத் தழுவி எடுத்தார்கள்? நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. (வாசகி, தேவகோட்டை)

ப: அப்படி ஒரு நாவல் கிடையாது, நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நூலக மேசையில் யாரோ ஒரு புத்தகத்தை முத்திரை குத்தி வாங்கிப் போவதாகத்தான் படமே ஆரம்பிக்கிறது. அப்புறம் அத்தியாயம் அத்தியாயமாக நகர்கிறது, அலெக் பால்ட்வினின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிற மாதிரி கூடவே வருகிறது. எல்லாம் இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் செய்த வேலை. கதையை அவரும் ஓவன் வில்சனும் சேர்ந்து எழுதினார்கள். படத்தில் எதிர்வீட்டு எலை கேஷாக வருகிறாரே, அவர்தான். ரிச்சியாக நடித்த லூக் வில்சன் அவருடைய சொந்தத் தம்பி. அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. புத்தகம்தான் வேண்டுமென்றால், அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சர் கிளாஸ் என்கிற குடும்பத்தைப் பற்றி எழுதிய கதைகளைப் படியுங்கள். பழைய மேதைக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்கிற விஷயம் அதில் இருக்கிறது, இந்தப் படத்தில் அதன் வாடை நன்றாகவே அடிக்கும்.

கே: நகைச்சுவைப் படம் என்றீர்கள். எனக்கு ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. (வாசகர், கோவில்பட்டி)

ப: உங்களைக் குறை சொல்லமாட்டேன். இதில் யாரும் 'இப்போது சிரியுங்கள்' என்கிற முகத்தோடு பேசுவதில்லை. ஜோக் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்துகிற வேலையும் இல்லை. முதல் தடவை நானும் அரைமணி நேரம் இது என்ன ஜாதிப் படம் என்று புரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ராயல் தன் மனைவியோடு பேசுகிற காட்சியில்தான் எனக்குப் பிடி கிடைத்தது.

எத்தலீன் நடந்து போகிறார், இவர் ஓடிவந்து பிடித்துக்கொள்கிறார். எனக்கு உடம்பு சரியில்லை, சாகப்போகிறேன் என்கிறார். அந்த அம்மாள் நடுத்தெருவிலேயே உடைந்து அழ ஆரம்பித்துவிடுகிறார். ராயல் இதை எதிர்பார்க்கவேயில்லை. கொஞ்சம் இரக்கம், ஒரு அறை, படுக்க ஒரு கட்டில், அவ்வளவுதான் அவருடைய திட்டம். பயந்துபோய், 'சரி சரி, நில்லு, நான் சாகலை' என்கிறார். பளார் என்று ஒன்று விழுகிறது. எத்தலீன் திரும்பி நடக்க ஆரம்பித்ததும், 'இல்லம்மா, சாகத்தான் போறேன்' என்று பின்னாலேயே வருகிறார். போகிறீர்களா, இல்லையா என்று அவர் கேட்க, 'எது, சாகறதா? ஆமாம்' என்கிறார் சாவகாசமாக. இத்தனை வருஷம் தனியாக இருந்த பிறகும் தனக்காக ஒருத்தி இப்படி அழுவாள் என்பது அந்தப் பொய்யருக்கே அப்போதுதான் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்க்கிற அதே நேரத்தில் 'எது, சாகறதா' என்ற கேள்வியும் காதில் விழுகிறது. சிரிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை அந்தக் காட்சியை மட்டும் பாருங்கள்.

கே: கட்டில், மருந்து, டாக்டர் என்று இவ்வளவு ஏற்பாடு செய்தும் எப்படி மாட்டிக்கொண்டார்? (வாசகர், ஆம்பூர்)

ப: வாயைக் கட்டவில்லை. கணக்காளர் ஹென்றியின் மனைவி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர், ஆகவே அந்த நோய் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். தினம் மூன்று சீஸ்பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்கிற புற்றுநோயாளியை அவர் நம்புவாரா? மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே டிக் டாக் மிட்டாய். டாக்டராக வந்தவர், ஹோட்டலில் லிஃப்ட் இயக்குகிற சிநேகிதர். ஒரு கணக்குப்பிள்ளை கணக்குப் பார்த்தே ஆளைப் பிடித்துவிட்டார்.

ஆனால் விஷயம் மாட்டிக்கொண்டதில் இல்லை, அதற்கப்புறம் இருக்கிறது. எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்க, பெட்டியோடு வெளியேறும்போது ராயல் சொல்கிறார்: இந்த ஆறு நாளும்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். வழக்கமான டெனன்பாம் உருட்டல் என்று நாம் நினைக்கிற நேரத்தில் கதைசொல்லியின் குரல் வருகிறது: சொல்லி முடித்த கணமே, தான் சொன்னது உண்மைதான் என்று ராயலுக்கு உறைத்தது. ஆயுசு முழுக்கப் பொய் சொன்ன மனுஷன், பழக்கதோஷத்தில் அவிழ்த்துவிட்ட ஒரு வசனம் உண்மையாக இருப்பதைப் பார்த்துத் தானே திகைத்து நிற்கிறார். எனக்குப் படமே அந்த ஒரு வாக்கியம்தான்.

கே: அந்த வேலைக்காரர் பகோடா நம்மூர் முகமாக இருக்கிறாரே? (வாசகி, பண்ருட்டி)

ப: இந்திய முகமேதான். குமார் பல்லானா, 1918-இல் இந்தூரில் பிறந்தவர். குச்சியின் நுனியில் தட்டுகளைச் சுழற்றுகிற வித்தைக்காரராக அமெரிக்கா போய், மேடை, தொலைக்காட்சி எல்லாம் பார்த்துவிட்டு, டல்லாஸில் யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அவரும் மகனும் நடத்திய காப்பிக் கடைக்கு வந்துபோன இரண்டு இளைஞர்கள்தான் வெஸ் ஆண்டர்சனும் ஓவன் வில்சனும். அவர்களுடைய முதல் படமான 'பாட்டில் ராக்கெட்'டில் (1996) தொடங்கி வரிசையாக நடித்தார். ஸ்பீல்பெர்க்கின் 'தி டெர்மினல்' பார்த்திருந்தால், விமான நிலையத்தில் தரை துடைக்கிற குப்தா தாத்தா ஞாபகம் இருக்கும், அவரும் இவர்தான். 2013-இல் 94 வயதில் காலமானார்.

பகோடாவுக்கும் ராயலுக்கும் உள்ள உறவு தனிக்கதை. கல்கத்தாவில் ராயலைக் கத்தியால் குத்தியவரும் பகோடாதான், அப்புறம் முதுகில் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் பகோடாதான். படத்திலேயே இன்னொரு தடவையும் குத்துகிறார். இன்னொன்று சொல்கிறார்கள்: நியூயார்க் என்று அடையாளம் காட்டும் எதுவும் திரையில் வரக்கூடாது என்று ஆண்டர்சன் பிடிவாதமாக இருந்தாராம். கடற்கரைப் பூங்காவில் எடுத்த காட்சியில் சுதந்திர தேவி சிலை தெரியாமல் இருக்க பல்லானாவைத்தான் குறுக்கே நிறுத்தினார்களாம்.

கே: பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைகளோடு பார்க்கலாமா? (வாசகி, திருச்செங்கோடு)

ப: வேண்டாம். அமெரிக்காவிலேயே பெரியவர் துணையில்லாமல் 17 வயதுக்குக் கீழே அனுமதி இல்லாத 'ஆர்' சான்றிதழ். கெட்ட வார்த்தையைக்கூட விட்டுவிடலாம், தற்கொலை முயற்சி ஒன்று நேராகவே காட்டப்படுகிறது. பெரியவர்களே மனசு சரியில்லாத நாளில் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

கே: கூடப் பிறந்தவளைப் போல வளர்ந்த பெண்ணை ரிச்சி காதலிப்பதை எப்படி ஜீரணிப்பது? நீங்கள் எப்படிப் பரிந்துரைத்தீர்கள்? (வாசகர், மேலூர்)

ப: கோபம் நியாயமானதுதான். உங்கள் சங்கடம் படத்துக்கும் தெரியும், அதை அது மூடி மறைக்கவில்லை. தன் மனசில் இருப்பதை ரிச்சி யாரிடமும் சொல்லமுடியாமல்தான் ஆட்டத்தையே தொலைக்கிறான். மார்கோ இன்னொருவரைக் கட்டிக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, இவன் மைதானத்தில் ஷூக்களையும் ஒரு காலுறையையும் கழற்றிப்போட்டுவிட்டு 72 தப்பு அடிகள் அடிக்கிறான். ஒரு காலில் மட்டும் காலுறை. அவன் நிலைமையைச் சொல்ல அதற்கு மேல் வசனம் எழுதவில்லை. கடைசியில் அவர்கள் இருவரும் எடுக்கிற முடிவும் கல்யாணம் இல்லை, ரகசியமாகக் காதலித்துக்கொண்டு அதோடு விட்டுவிடலாம் என்பதுதான். 'தத்தெடுத்த மகள் மார்கோ' என்றே எல்லோரிடமும் அறிமுகப்படுத்தி வளர்த்த அப்பா, அவள் இந்த வீட்டுப் பெண்தானா என்கிற சந்தேகத்தை அவர்கள் எல்லோர் மனசிலும் விதைத்துவிட்டார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, நான் வற்புறுத்தமாட்டேன்.

கே: அம்மாவைப் பற்றி ஒருவருமே கேட்டிருக்கமாட்டார்கள், நான் கேட்கிறேன். (வாசகி, குளித்தலை)

ப: வென்றுவிட்டீர்கள், நிஜமாகவே ஒருவரும் கேட்கவில்லை. அப்பாவின் கிறுக்கு சத்தம் போடும், அம்மாவின் கிறுக்கு பட்டியல் போடும். மூன்று பிள்ளைகளுக்கும் வாரம் முழுக்க என்னென்ன வகுப்பு என்று கரும்பலகையில் கட்டம் கட்டி எழுதி வைத்தவர், 'மேதைகளின் குடும்பம்' என்று அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். அந்தப் பிள்ளைகள் 30 வயதுக்கு மேல் இப்படி நொறுங்கியதில் அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி. படம் அதை அழுத்திச் சொல்லவில்லை, அது எனக்குக் குறையாகவே படுகிறது. அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதால் அம்மா விசாரணை இல்லாமலேயே தப்பித்துவிடுகிறார்.

ஆண்டர்சனின் அம்மாவும் தொல்லியலில் இருந்தவர். எத்தலீனாக நடித்த அஞ்சலிகா ஹூஸ்டன் படத்தில் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடி அந்த அம்மாளுடையது. ஆண்டர்சன் சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அம்மாவிடம் கை ஓங்கவில்லை. ஹென்றி அவரிடம் கல்யாணம் கேட்கிற காட்சி மட்டும் தங்கம். வருமான வரிக் கணக்குக்கு உங்கள் விவாகரத்தை முறைப்படி முடித்துவிடுவது நல்லது என்று ஆரம்பித்து, அதே மூச்சில் உங்களைக் காதலிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அகழாய்வுக் குழியில் போய் விழுகிறார் மனிதர்.

கே: ஜீன் ஹேக்மன் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினாரா? (வாசகர், சிதம்பரம்)

ப: பரிந்துரைகூட இல்லை, கோல்டன் குளோப் கிடைத்தது. ராயல் பாத்திரத்தை ஆண்டர்சன் அவருக்காகவே எழுதினார், ஆனால் எனக்காக யாரும் எழுதவேண்டாம் என்று ரொம்ப நாள் மறுத்தவர் ஹேக்மன். படப்பிடிப்பில் பாதி வயதுகூட ஆகாத அந்த இயக்குநரை வறுத்தெடுத்திருக்கிறார். அந்த எரிச்சல் ராயலுக்கு நன்றாகவே உதவியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் 95 வயதில் காலமானார்.

கே: தமிழில் எடுத்தால் ராயலாக யார்? (வாசகர், ஊத்தங்கரை)

ப: எடுத்தால் கடைசிக் காட்சியில் காலில் விழவைத்துவிடுவார்கள். வேண்டாம்.

கே: சாஸும் அவன் பையன்களும் எப்போதும் சிவப்பு டிராக்சூட்டிலேயே திரிவது ஏன்? (வாசகர், பழனி)

ப: ஆபத்து வந்தால் சட்டென்று ஓடலாம், கூட்டத்திலும் பளிச்சென்று கண்ணில் படுவார்கள். மனைவியை விமான விபத்தில் பறிகொடுத்தவன். அதே விமானத்தில் கூண்டுக்குள் இருந்த பக்லி என்கிற நாய் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து அவனுக்கு உலகமே தீப்பிடிக்கத் தயாராக இருக்கிற கட்டடம். நடு ராத்திரியில் பையன்களை எழுப்பி மாடியிலிருந்து ஓடவைத்துக் கையில் கடிகாரத்தோடு நேரம் பார்க்கிறான். 4 நிமிஷம் 48 வினாடி. 'செத்துட்டோம், எல்லாரும் கரிக்கட்டை' என்கிறான். அவன் அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்ததும், அவன் வீட்டில் தீயணைக்கும் குழாய் வசதி இல்லை என்கிற காரணத்தைச் சொல்லித்தான்.

அவன் காணாத நேரத்தில் பேரன்களை ராயல் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்கிறார் தெரியுமா? கடையில் பால் திருடக் கற்றுக்கொடுக்கிறார், டாக்ஸிகள் மேல் தண்ணீர் பலூன் எறிகிறார், குப்பை லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறார். பொறுப்புள்ள தாத்தா செய்கிற காரியம் ஒன்றுமே இல்லை. ஆனால் படத்தில் அந்தப் பையன்கள் குழந்தைகளாகத் தெரிவது அப்போதுதான்.

கே: என் அப்பா 19 வருஷத்துக்கு முன் எங்களை விட்டுப் போனவர். போன மாதம் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அம்மா ஒன்றும் பேசாமல் தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டார். அண்ணன் அன்றிலிருந்து வீட்டுப் பக்கமே வருவதில்லை. நீங்கள் சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. அண்ணனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? (ஊரும் பேரும் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

ப: சினிமாவைப் பார்த்துக் குடும்பத்தில் முடிவெடுக்காதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாஸின் கையில் ஒரு ரவைக்குண்டு இருக்கிறது, கவனித்தீர்களா? சின்ன வயதில் விளையாட்டுத் துப்பாக்கிச் சண்டை. அப்பா கூரைமேலிருந்து அவனைச் சுடுகிறார். நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி இல்லையா அப்பா என்று பையன் கத்த, கட்சியெல்லாம் கிடையாது என்று சிரிக்கிறார். அந்தக் குண்டு அவன் விரல் முட்டிகளுக்கு நடுவில் தோலுக்கடியில் அப்படியே தங்கிவிட்டது. மற்ற இருவருக்கும் அப்பாமேல் வருத்தம் உண்டு, ஆனால் கையில் குண்டு இருப்பது சாஸுக்கு மட்டும்தான். உங்கள் அண்ணன் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு முழுசாகத் தெரியுமா? அந்த வருஷங்களில் நீங்கள் எவ்வளவு சின்னவராக இருந்திருப்பீர்கள்?

படத்தில் சாஸை வழிக்குக் கொண்டுவர யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அம்மா பேசவில்லை, தங்கை தூது போகவில்லை. ஒரே ஒரு தடவை ராயல் பேசிப் பார்க்கிறார், விளையாட்டுச் சாமான் அடுக்கியிருக்கிற அலமாரி அறைக்குள் நின்றுகொண்டு, நீ இன்னும் உன் பெண்டாட்டி செத்த துக்கத்திலிருந்து மீளவில்லை என்கிறார். அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதைச் சொல்கிற யோக்கியதை அப்போது அவருக்கு இல்லை, சாஸ் கத்தித் தீர்த்துவிடுகிறான். அப்புறம் ராயல் பேச்சை விட்டுவிட்டு வேறு வேலைகளைப் பார்க்கிறார். துரத்தின அதே ஹோட்டலில் லிஃப்ட் இயக்கும் வேலைக்குச் சேர்கிறார், விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். எத்தலீனுக்கும் ஹென்றிக்கும் கல்யாணம் நடக்கிற நாளில் எதிர்வீட்டு எலை போதையில் காரை ஓட்டிவந்து வீட்டில் மோதும்போது பேரன்கள் இருவரையும் தள்ளிக் காப்பாற்றுகிறார். பக்லி மட்டும் செத்துப்போகிறது.

போலீஸ், தீயணைப்பு வண்டி, அடிபட்ட பாதிரியார் என்று தெருவே அமளியில் இருக்க, இவர் தீயணைப்புக்காரர்களிடம் பேரம் பேசி அவர்களுடைய டால்மேஷன் நாயை வாங்கிவந்து பையன்களிடம் கொடுக்கிறார். 'எனக்கு இந்த வருஷம் ரொம்பக் கஷ்டமாப் போச்சுப்பா' என்கிறான் சாஸ். 'தெரியும்டா' என்கிறார் அப்பா. முடிந்தது.

அதனால், அண்ணனைச் சமாதானம் செய்கிற வேலையை நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது உங்கள் அப்பாவுடைய வேலை, அவர் செய்கிறாரா என்று பாருங்கள். அண்ணன் வீட்டுக்கு வராவிட்டால் நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போங்கள், போய் அப்பா பேச்சை எடுக்காமல் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

கே: ராயலின் கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது? படிப்பதற்குள் காட்சி போய்விட்டது. (வாசகர், விருத்தாசலம்)

ப: மூழ்கிக்கொண்டிருந்த போர்க்கப்பலின் இடிபாடுகளிலிருந்து தன் குடும்பத்தைக் காப்பாற்றும்போது உயிர்விட்டவர் என்று எழுதியிருக்கிறது. ஆள் செத்தது 68 வயதில், மாரடைப்பில். கடைசியாகச் சொன்ன அந்தப் பொய்யைக் குடும்பமே கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கிறது. ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் சாஸ். அடக்கத்தன்று அவனும் பையன்களும் அதே டிராக்சூட்டில்தான் வந்திருந்தார்கள், நிறம் மட்டும் கறுப்பு.